ரொப்பு கார்னெட்

1

போன வாரம் ஒரு சாயங்காலம் என் மக ஜெனி பள்ளிக்கூடத்துல இருந்து வந்ததும் வயலின் பெட்டியைச் சோபா மேல போட்டா. வச்சான்னு சொல்ல எனக்கு வாய் வரல. போட்டாதான். அவ அப்பா பாத்திருந்தா ரெண்டு சத்தம் போட்டிருப்பார். நல்லவேளை, அவர் கிடங்கு வேலைக்குப் போயிருந்தார். நான் அடுப்படியில ரசத்துக்குப் புளி கரைச்சுக்கிட்டு நின்னேன்.

"என்னடி, யாரு மேல கோவம்?"

அவ தமிழ்ல பதில் சொல்றத விட்டு ரொம்ப நாளாச்சு. நான் தமிழ்ல கேப்பேன், அவ இத்தாலியன்ல சொல்லுவா. வடக்கு இத்தாலியில இந்தச் சின்ன ஊருக்கு வந்து குடியேறின நாள்ல இருந்து எங்க வீட்டுப் பேச்சு இப்படி ரெண்டு கால்லயும் வேற வேற செருப்பாத்தான் நடக்குது. எனக்கு முதியோர் இல்லத்துல நர்ஸ் வேலை. அவளுக்கு எட்டாவது.

ஒரு தாளை நீட்டினா. பள்ளிக்கூட இசைக்குழு ஒரு பழைய இத்தாலியப் பாட்டு வாசிக்கப் போகுதாம். அதுல முன்னாடி மூணு நாலு பேர் நின்னு வாசிப்பாங்க. மத்தவங்க எல்லாம் பின்னாடி. அவ தாளோட தலையில அச்சடிச்சிருந்துச்சு: இரண்டாம் வயலின், ரிப்பியேனோ.

"நான் வெறும் இடத்தை ரொப்புற ஆளும்மா. நான் வாசிக்காட்டியும் யாருக்கும் தெரியாது."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவளுக்கு அழுகை வந்துருச்சு. பெத்தவ சிரிக்கிற நேரமாடி இதுன்னு நானே என்னைத் திட்டிக்கிட்டேன். ஆனா என்ன செய்ய? அந்த ஒரு வார்த்தையைப் பாத்ததும் எனக்குக் கண்ணு முன்னாடி வந்து நின்னது எங்கப்பா. கொடைக்கானல்ல, மூஞ்சிக்கல் பக்கம், எங்க வீட்டு ஆணியில தொங்கின அவரோட பேண்ட் இசைக்குறிப்பு அட்டை. அதுலயும் மேல இங்கிலீஷ்ல அதே பேருதான் போட்டிருக்கும்.

அப்பா போய்ச் சேர்ந்து வர்ற மாசத்தோட வருஷம் திரும்புது.

2

அப்பா பேரு அந்தோணி. பகல்ல மார்க்கெட்ல வேலை. மன்னவனூர்ல இருந்து உருளைக்கிழங்கும் கேரட்டும் லாரியில வந்து இறங்கும். தரம் பிரிச்சு மூட்டை கட்டணும். எப்பப் பாத்தாலும் மண்ணுத் தூசிக்குள்ளயே கிடப்பார். சாயங்காலம் குளிச்சிட்டு, சிவப்புச் சட்டையும் தங்கக் கலர் பட்டையும் போட்டுட்டா அவரு வேற ஆளு. எங்க ஏரியா பேண்ட் செட்டுல கார்னெட், அதான் ட்ரம்பெட் மாதிரி மூணு பொத்தான் வச்ச சின்னப் பித்தளைக் கொம்பு, வாசிக்கிறவர். கல்யாணம், சாவு, மாதா கோயில் தேர், முருகன் கோயில் பால்குடம், கட்சி ஊர்வலம், எதுக்குக் கூப்பிட்டாலும் செட்டு போகும். சாமி பாத்து, சாதி பாத்து ஊதினா வயிறு ரொம்புமான்னு கேப்பார்.

எப்பவோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் ஊருக்குப் போகும்போது, தான் வச்சிருந்த பேண்ட் புஸ்தகங்களைச் செட்டுக்குக் குடுத்துட்டுப் போனாராம். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி அட்டை. சோலோ கார்னெட்னு ஒண்ணு, செகண்ட் கார்னெட்னு ஒண்ணு. நடுவுல ரிப்பியானோ கார்னெட்னு ஒண்ணு. அது அப்பாவுக்கு வந்துச்சு. அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு செட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா அது செய்ற வேலை எல்லாருக்கும் தெரியும். அதனால அவங்களே ஒரு பேரு வச்சுக்கிட்டாங்க: ரொப்பு கார்னெட்.

சோலோக்காரர் பாட்டை எடுத்துட்டுப் போவார். செகண்ட் அதுக்குக் கீழ துணைக்கு நடக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஓட்டை விழும் பாருங்க, அதை அடைக்கிறது அப்பா. சோலோக்காரர் மூச்சு வாங்குற நேரத்துல சத்தம் அறுந்து போகாம பிடிச்சுக்கிறதும் அவருதான்.

வீட்டுல அவர் சாதகம் பண்ணும்போது கேக்கச் சகிக்காது. ஒரே சுரம், அப்புறம் சும்மா, அப்புறம் மறுபடியும் அதே சுரம். பக்கத்து வீட்டு அக்கா, "ஏன் அந்தோணியண்ணே, பாட்டு எப்பத்தான் ஆரம்பிக்கும்?"னு கேட்டுச் சிரிக்கும். அப்பாவும் சேந்து சிரிப்பார். "பாட்டு அங்க கெடக்கு தாயி, நான் அதுக்கு முட்டு குடுக்கிறவன்"பார்.

பேண்ட் மாஸ்டர் ஆரோக்கியம் மாமா ஒரு தடவை எங்கிட்ட சொன்னார்: "ஒங்கப்பன் சத்தம் தனியாக் கேட்டுச்சுன்னா அன்னைக்கு அவன் தப்பா ஊதிருக்கான்னு அர்த்தம்."

அப்பா தப்பா ஊதி நான் கேட்டதே இல்ல.

3

இத்தாலிக்கு வந்த புதுசுல அந்த வார்த்தையை நான் முதல்ல பாத்தது எந்த இசை மேடையிலயும் இல்ல. எங்க முதியோர் இல்லத்துச் சாப்பாட்டுப் பலகையில. குடமிளகா ரிப்பியேனோ, சுரைக்கா மாதிரி ஒரு காய் ரிப்பியேனோ. காயைக் குடைஞ்சு உள்ள கறியோ சோறோ வச்சு அடைச்சு வேகவைக்கிறாங்க. அட, அப்பாவோட அட்டையில இருந்ததுன்னு அப்பவே பொறி தட்டுச்சு. ஆனா யார்கிட்ட கேக்குறது? வேலைக்குச் சேந்த புதுசு. வாயைத் திறந்தாலே தப்பு வர்ற காலம். வயிறு ரொம்பிருச்சுன்னு சொல்ல நினைச்சு ஒரு நாள் 'பியேனா'ன்னு சொல்லிட்டேன். சாப்பாட்டு மேசையே குலுங்கிச் சிரிச்சுச்சு. பசுமாடு சினையா இருந்தா அப்படித்தான் சொல்லுவாங்களாம். அதுக்கப்புறம் ஒரு வருஷம் நான் வயிறு ரொம்பினா பேசாம தட்டைத் தள்ளி வச்சிருவேன்.

ஜெனியோட தாளைப் பாத்த பிறகு அவ இசை வாத்தியாரைப் போய்ப் பாத்தேன். வயசானவர். மனுஷனுக்கு யாராவது வந்து கேக்கமாட்டாங்களான்னு இருந்திருக்கும் போல. உக்கார வச்சு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார்.

லத்தீன்ல 'ப்ளேனுஸ்'னா நிறைஞ்சதுன்னு அர்த்தமாம். அதுல இருந்து வந்தது இத்தாலியன் 'பியேனோ'. திரும்பத் திரும்ப, நல்லா ரொப்பினது 'ரிப்பியேனோ'. ஸ்பானிஷ்காரங்க மிளகாக்குள்ள அடைச்சுச் சமைக்கிறதுக்கு 'ரெய்யேனோ'ம்பாங்க, அதுவும் இதேதான். பிரெஞ்சுல 'ப்ளேன்', இங்கிலீஷ்ல 'ப்ளென்ட்டி', 'ஃபுல்' எல்லாமே ஒரு வேர்தானாம். பழைய காலத்து இத்தாலிய இசையில முன்னாடி நிக்கிற சில பேர் 'கொன்செர்த்தீனோ', சின்னக் கூட்டம். பின்னாடி நிக்கிற எல்லாரும் 'ரிப்பியேனோ'. அங்க இருந்து அந்தப் பேரு கடல் தாண்டி இங்கிலாந்து போச்சு. அங்கத்துப் பித்தளைப் பேண்டுக்காரங்க எழுத்தைக் கொஞ்சம் மாத்தி 'ரிப்பியானோ'ன்னு அச்சடிச்சாங்க. அந்த அச்சு, கப்பல் ஏறி, மலை ஏறி, எங்க வீட்டு ஆணியில வந்து தொங்கியிருக்கு.

கிளம்பும்போது வாத்தியார் கேட்டார்: "உங்க நாட்டுச் சமஸ்கிருதத்துல 'பூர்ண'ன்னு ஒரு சொல் இருக்கே, தெரியுமா? அதுவும் இந்தக் குடும்பம்தான்."

தெரியுமாவாவது! பூரணம். கொழுக்கட்டைக்குள்ள, போளிக்குள்ள நாம அடைக்கிறது. நிறைவுக்கும் அந்தப் பேருதான், கொழுக்கட்டைக்குள்ள வைக்கிற தேங்காய் வெல்லத்துக்கும் அந்தப் பேருதான். இத்தாலிக்காரன் குடமிளகாக்குள்ள வச்சதும், எங்கப்பா சோலோவுக்கும் செகண்டுக்கும் நடுவுல வச்சதும், நம்ம வீட்டுக் கொழுக்கட்டையும் ஒரே வேர்ல இருந்து முளைச்சதுன்னு கேட்டப்ப எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. அப்பாவை உயிரோட இருக்கும்போதே கூப்பிட்டு, "எப்பா, ஒங்க அட்டைக்கு அர்த்தம் கண்டுபிடிச்சுட்டேன், நீங்கதான்ப்பா பூரணம்"னு சொல்லியிருந்தா எப்படிச் சிரிச்சிருப்பார்! பாவி, அதுக்குக் குடுத்து வைக்கல எனக்கு.

வீட்டுக்கு வந்து ஜெனிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். தாத்தாவும் ரிப்பியேனோதான்டின்னேன். அவ மூஞ்சி தெளிஞ்சுச்சு. "தாத்தா வாசிச்சது கேக்கணும்"னா, அதுவும் தமிழ்ல.

எனக்கும் அப்பத்தான் அந்த ஆசை பிடிச்சுச்சு. ஒரே ஒரு தடவை, எங்கப்பா ஊதினதைத் தனியா, அவர் சத்தத்தை மட்டும் கேக்கணும்.

4

கேக்கிறதுக்கு என்ன இருக்குன்னு தேடினேன். என் கல்யாண வீடியோ இருக்கு. ஆனா எங்க செட்டுல ஒரு வழக்கம், சொந்த வீட்டு விசேஷத்துல ஊதமாட்டாங்க. அன்னைக்கு அப்பா பட்டுவேட்டியோட பொண்ணுக்கு அப்பாவா நிக்கிறார். மத்தவங்க கல்யாண வீடியோவுல அப்பா ஊதுறார். ஆனா நம்ம ஊர் வீடியோக்காரங்க செய்ற வேலைதான் உங்களுக்குத் தெரியுமே, பேண்ட் சத்தத்தைத் தூக்கிட்டு மேல சினிமாப் பாட்டை ஒட்டி விட்டுருவாங்க. அப்பா கன்னம் உப்பும், யாரோ ஒரு பாடகி பாடுவா.

மிச்சம் இருந்தது காதர் மாமா போன்ல எடுத்து அனுப்பின வீடியோக்கள்தான். காதர் மாமா பஜார்ல பலசரக்குக் கடை வச்சிருக்கார். அப்பாவுக்குச் சின்ன வயசுக் கூட்டாளி. ஊர்வலம் எதுவானாலும் அவர் கடை வாசலைத் தாண்டித்தான் போகணும். அப்பா ஊதிக்கிட்டே கடந்து போறதை எடுத்து எனக்கு அனுப்பி விடுவார். கிறிஸ்துமஸ், மாதா தேர், ஊர்ல பெரிய சாவு, எதையும் விட்டதில்ல.

அந்த வீடியோக்கள் எனக்கு என்னவா இருந்துச்சுன்னு சொல்லணும். நான் ஊருக்கே போகாம இருந்த வருஷங்கள் அது. இங்க தங்குறதுக்கான அட்டையைப் புதுப்பிக்கக் குடுத்திருந்தேன். விரல் ரேகை எடுத்தாங்க, ஒரு ரசீதைக் குடுத்தாங்க, அவ்வளவுதான், அட்டை வரல. ரசீதை வச்சுக்கிட்டு ஊருக்குப் போய்ட்டு வரலாம்னு ஆபீஸ்ல ஒரு சன்னல்ல சொன்னாங்க. போனா திரும்பி வர்றது உங்க பாடுன்னு பக்கத்துச் சன்னல்ல சொன்னாங்க. கேட்ட கேள்விக்கு எல்லாம் இன்னொரு காகிதம் கொண்டு வரச் சொன்னாங்க. அட்டை போச்சுன்னா என் வேலை போச்சு, என் வேலையை வச்சுத்தான் இங்க மூணு பேரும் இருக்கோம். ஒரு நாள் போன்ல அப்பாகிட்ட இதைச் சொல்லி ஓன்னு அழுதுட்டேன். அதுல இருந்து வாராவாரம் அவர் கேக்கிற முதல் கேள்வி, "அட்டை வந்துருச்சாம்மா?"

இருமல் இருக்கேப்பான்னு நான் கேட்டிருக்கேன். "தூசிம்மா, மலைக் குளிரு வேற"ம்பார். நான் நர்ஸ். சும்மா விடுவேனா? "எப்பா, கார்னெட் ஊதுறீங்கள்ல? ஊத முடியுற வரைக்கும் நெஞ்சுக்கு ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். மூச்சு இல்லாதவன் அதை ஊத முடியாது"ன்னேன். பெரிய டாக்டர் மாதிரி. அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு வீடியோவையும் பாத்து நிம்மதியாத் தூங்கினேன். அப்பா ஊதுறார். அப்பா நல்லா இருக்கார்.

போன வருஷம் திடீர்னு போன் வந்துச்சு. மூச்சு முட்டி ஒரே நாள்ல போயிட்டாருன்னாங்க. எது வந்தாலும் வரட்டும்னு ரசீதோட பிளைட் ஏறினேன். மதுரையில இறங்கி, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறிப் போறதுக்குள்ள அப்பா ஐஸ் பெட்டிக்குள்ள இருந்தார். செட்டுக்காரங்க ஊதினாங்க. திரும்பி வந்தப்ப விமான நிலையத்துல ரசீதைப் பாத்துட்டு ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல. இதுக்கா இத்தனை வருஷம் பயந்தோம்னு அங்கயே தரையில உக்காந்து அழுதேன்.

5

ஜெனிக்கு நல்ல காது. அவ வாத்தியாரே சொல்லுவார். போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் அந்த வீடியோக்களை எல்லாம் அவ கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுத்தேன். காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்தா. நான் பக்கத்துல உருளைக்கிழங்கு சீவிக்கிட்டு உக்காந்தேன். எனக்கு என்னமோ அப்பாவே வீட்டுக்கு வர்ற மாதிரி இருந்துச்சு. கடையில போய் நல்ல மீனா வாங்கி வச்சிருந்தேன், அதை என்னன்னு சொல்ல!

ஒண்ணு கேட்டா, இன்னொண்ணு கேட்டா. நிறுத்தினா, பின்னாடி ஓட்டினா, திரும்பக் கேட்டா. கடைசியில ஹெட்போனைக் கழட்டினா.

"அம்மா, தாத்தா இல்ல."

"இந்தா நிக்கிறாரே, கண்ணு தெரியலையா?"

"நிக்கிறாரு. சத்தம் இல்ல. முன்னாடி ஒரு கார்னெட் கேக்குது. கீழ ஒண்ணு கேக்குது. பெருசா ஒண்ணு, ட்ரம்ஸ் எல்லாம் கேக்குது. தாத்தா விரல் பொத்தானை அழுத்துது பாரு, அந்த நேரத்துல அங்க ஒரு சத்தமும் வரல. எல்லா வீடியோவுலயும் இப்படித்தான்."

"போனு மட்டமான போனு. அதுல எப்படிக் கேக்கும்?"

"மத்தவங்க எல்லாம் கேக்குறாங்களேம்மா."

எனக்கு எங்க இருந்துதான் அப்படி ஒரு கோவம் வந்துச்சோ. "ரெண்டு வார்த்தை தமிழ் பேசத் துப்பில்ல, எங்கப்பன் வாசிப்பைப் பத்திச் சொல்ல வந்துட்டா! அவர் ஊதினா அப்படித்தான்டி இருக்கும், தனியாக் கேக்காது. உனக்கு என்ன தெரியும்?"னு கத்தினேன். அவ ஹெட்போனை மேசை மேல வச்சா. மெதுவாத்தான் வச்சா. எந்திரிச்சு ரூமுக்குப் போயிட்டா.

மீனை அப்படியே ப்ரிட்ஜுல வச்சுட்டேன்.

6

மறுநாள் லீவு. காதர் மாமாவுக்குப் போன் போட்டேன். ஊர்ல மத்தியானத் தொழுகை முடிஞ்சு கடைக்கு வந்து உக்காந்திருக்கிற நேரம்.

"யாரு, ஸ்டெல்லாம்மாவா? நல்லாருக்கியா தாயி? பேத்தி நல்லாருக்கா?"

"நல்லாருக்கோம் மாமா. ஒரு சோலியாத்தான் கூப்பிட்டேன். அப்பா ஊதுற வீடியோ நீங்க அனுப்புனதுல அவர் சத்தம் சரியா விழல. இன்னும் கிட்ட இருந்து எடுத்தது எதுவும் கெடக்கா? அவர் ஊதுறது மட்டும் தெளிவாக் கேக்கிற மாதிரி?"

அந்தப் பக்கம் கடைக்கு வந்த யாரையோ, "அப்புறமா வாப்பா"ன்னு அனுப்புறது கேட்டுச்சு.

"ஸ்டெல்லாம்மா, ஒண்ணு சொன்னா இந்த மாமாவைக் கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க மாமா."

"அதுல எதுலயும் அவன் சத்தம் இருக்காது தாயி. அவன் ஊதல."

"எந்த வீடியோவுல?"

"நான் எடுத்த ஒண்ணுலயும் ஊதல. வாயில வச்சிருப்பான். வெரலு போகும். கன்னத்தை உப்பிக்குவான். அவ்வளவுதான், காத்து போகாது. எங்கிட்டுப் போகும்? நாலு எட்டு வச்சா நாய் மாதிரி எளைக்கும் அவனுக்கு."

போனை இன்னும் காதோட அழுத்திக்கிட்டேன்.

"மேடு ஏற முடியாதும்மா அவனால. தேர் அன்னைக்கு வெள்ளனே சட்டையை மாட்டிக்கிட்டு ஆட்டோவுல நம்ம கடைக்கு வந்துருவான். உள்ள அரிசி மூட்டை மேல உக்காந்திருப்பான். செட்டு கடைகிட்ட வரும்போது எந்திரிச்சுப் போய் அவன் எடத்துல சேந்துக்குவான். நான் எடுத்து முடிச்சதும் திரும்ப வந்து உக்காந்துக்குவான். சுடுதண்ணி குடுப்பேன்."

"ஆரோக்கியம் மாமாவுக்குத் தெரியுமா?"

"செட்டுக்கே தெரியும். அவன் எடத்தை விட்டுத்தான் நடந்து வருவானுங்க. ரொப்பு ஆளுதானே பாய், ஒருத்தன் ஊதாட்டி யாருக்கு வெளங்கப் போகுதுன்னு அவனே சொல்லிச் சிரிப்பான்."

"எங்கிட்ட ஏன் மாமா சொல்லல? ஒருத்தர் கூடவா சொல்லல? நான் நர்ஸு மாமா. நான் தினமும் இந்த மாதிரி ஆளுங்களைத்தான் பாக்குறேன். மருந்து இருக்கு, மெஷின் இருக்கு. நான் வந்திருப்பேன்!"

"அதுக்குத்தான் சொல்லல. நீ பொட்டியைத் தூக்கிட்டு வந்துருவே, ஒன் அட்டை போயிரும்னு ஒத்தக் கால்ல நின்னான். 'அட்டை வரட்டும் பாய், வந்ததும் நானே சொல்லுறேன்'னான். நான் கூடச் சண்டை போட்டேன். போன்ல நல்லாருக்கேன்னு சொல்லிட்டுப் போயேன், எதுக்குடா இந்தக் கூத்துன்னு கேட்டேன். 'அவ நர்ஸு பாய், வாய் வார்த்தையை நம்ப மாட்டா. ஊதுறதைக் காட்டுனாத்தான் நம்புவா'ன்னான்."

எப்பா. நான் சொல்லிக் குடுத்ததை வச்சே என்னை ஏமாத்தியிருக்கீங்களேப்பா.

அழுது முடிக்கிற வரைக்கும் காதர் மாமா போனை வைக்கல. வைக்கும்போது சொன்னார்: "முன்னையும் பின்னையும் வெட்டிட்டுத்தான் அனுப்பச் சொல்லுவான் ஒனக்கு. முழுசா எங்கிட்டக் கெடக்கு. அழிக்க மனசு வரல. வேணும்னா அனுப்புறேன். வேணாம்னா சொல்லிரு தாயி."

அனுப்புங்க மாமான்னேன்.

7

சாயங்காலம் ஜெனி வந்ததும் அவளைக் கூப்பிட்டு உக்கார வச்சேன். நீ சொன்னது சரிதான், தாத்தா வாசிக்கலைன்னு சொன்னேன். ஏன்னும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் இத்தாலியன் குழறிக்கிட்டே போச்சு. நடுவுல தமிழுக்குத் தாவிட்டேன். அவ, "பரவால்ல, தமிழ்லயே சொல்லும்மா"ன்னா. கத்தினதுக்கு மன்னிச்சுக்கடின்னேன். அவ என் தோள்ல தலையை வச்சுக்கிட்டா.

மாமா அனுப்பினதுல கடைசி வீடியோவை எடுத்தேன். அப்பா போறதுக்கு முந்தின தேர்த் திருவிழா.

முதல்ல கடை வாசல் தெரியுது. அப்பா உள்ள இருந்து வர்றார். கதவு நிலையைப் பிடிச்சு நிக்கிறார். தோள் ரெண்டும் ஏறி ஏறி இறங்குது. கழுத்துக் குழி உள்ள போகுது. என் இல்லத்துல ஒரு கிழவர் இப்படி நின்னா நான் ஆக்சிஜனுக்கு ஓடுவேன். செட்டு வருது. நடு வரிசையில ஒரு ஆள் நிக்கிற இடம் காலியா வருது. அப்பா நிமிர்ந்து, சட்டைப் பட்டையைச் சரி பண்ணி, வேகமா ரெண்டு எட்டு வச்சு அந்த இடத்துல போய் நின்னுக்கிறார். பக்கத்து ஆள் அவரைத் திரும்பிக் கூடப் பாக்கல, லேசா விலகி முழங்கைக்கு இடம் விடுறார். அப்பா கார்னெட்டைத் தூக்குறார். இது வரைக்கும் நான் பாக்காதது. இதுக்கு அப்புறம் கொஞ்ச தூரம் நான் நூறு தடவை பாத்தது.

கடையைத் தாண்டினதும் அவர் நின்னுட்டார். செட்டு அவரைச் சுத்தி விலகி, முன்னால போய்க்கிட்டே இருக்கு. சத்தம் மேட்டுல ஏறி மறையுது. அப்பா திரும்பி வர்றார், கேமராவைப் பாத்து, மெதுவா. கிட்ட வந்ததும் காதர் மாமா தோளை அப்பா பிடிச்சுக்கிறார். படம் ஆடுது. அவர் சட்டைப் பித்தான்தான் தெரியுது. ஜெனி ஸ்பீக்கர்ல சத்தத்தைக் கூட்டினா.

மூச்சு. இழுத்து இழுத்து மூச்சு. அது மட்டும் ரொம்ப நேரம். ஊரே அமைதியாயிருச்சு, எங்கப்பா மட்டும் தனியாக் கேக்குறார்.

அப்புறம் அவர் குரல்.

"நல்லா..." ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. "...தெரியுறனா பாய்?"

அதோட முடிஞ்சுது.

ஜெனி என்னைப் பாத்தா. "தாத்தா என்னம்மா கேக்குறாரு? நல்லாக் கேக்குதான்னா?"

"இல்லடி"ன்னேன். "தெரியுதான்னு கேக்குறாரு."